ஈறும் சிவப்பு, கொழுப்பும் கூடுதல்: மகளுக்கு எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. போன வருடம் மாடிப்படி ஏற முடியவில்லை, தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. கண் இமை ஊதா நிறமாகி, விரல் முட்டிகளில் சிவப்புத் தடிப்பும் வந்தது. ஜூவனைல் டெர்மட்டோமயோசைட்டிஸ், அதாவது பிள்ளைகளுக்குத் தசையிலும் தோலிலும் வரும் அழற்சி நோய் என்றார்கள். இப்போது ஸ்டீராய்டும், வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட்டும் போய்க்கொண்டிருக்கிறது. நடக்கிறாள், பள்ளிக்கும் போகிறாள். ஆனால் இரண்டு மாதமாகப் பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது, முன்பல் ஈறு ஓரமெல்லாம் சிவப்பு. ஒழுங்காகத் தேய்ப்பதில்லை என்று தினமும் திட்டுகிறேன். சென்ற வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 212, ட்ரைகிளிசரைடு 186, ஹெச்.டி.எல். 36, எல்.டி.எல். 139. முட்டை, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்து என்கிறார் ஒரு உறவினர். எல்லாம் ஸ்டீராய்டின் வேலை, அதை நிறுத்து என்கிறார் இன்னொருவர். மாமியார் காலையில் நல்லெண்ணெய் கொப்பளிக்க வைக்கிறார். ஈறுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் சம்பந்தம் உண்டா? கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுக்க வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொளத்தூர், சென்னை

பதில்: அம்மா, விளக்கத்துக்குப் போகும் முன் மூன்று விஷயங்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஒரு வேளைகூட. எண்ணெய் கொப்பளிப்பதை இன்றே நிறுத்துங்கள். மகளைத் திட்டுவதையும் நிறுத்துங்கள்.

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைகளின் உடல், தானே சுரக்க வேண்டிய கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று மருந்தை நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிவது என்று ஒரே நாளில் ஐ.சி.யூ. வரை போகலாம். அடங்கியிருந்த தசை நோயும் திரும்ப எழும். அளவைக் குறைப்பது மருத்துவர் கணக்குப் போட்டுப் படிப்படியாகச் செய்யும் வேலை.

எண்ணெய் விஷயம் வேறு. இந்த நோய் தொடை, தோள் தசைகளோடு நிற்பதில்லை. தொண்டைத் தசையையும் தொடும். விழுங்குவதில் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தாலும் வாயில் வைத்த எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். தண்ணீர் போனால் புரையேறி இருமுவோம். எண்ணெய் அந்த அளவுக்கு இருமலைத் தூண்டாது, சத்தமில்லாமல் நுரையீரலில் போய்த் தங்கி ஒரு வகை நிமோனியாவைக் கொண்டுவரும். மாமியாரிடம் இதை எடுத்துச் சொல்வது சங்கடமாக இருந்தால், பல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள்.

இனி ஈறுக்கு வருவோம். நாளைக் காலை மகளை ஜன்னல் பக்கம், நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து, மேலுதட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் வெள்ளையாக, மஞ்சளாக மாவு போல ஏதாவது படிந்திருக்கிறதா? விரலில் ஈரத் துணியைச் சுற்றி ஒருமுறை வழித்தால் வருகிறதா? இரண்டு பற்களுக்கு நடுவில் இருக்கும் முக்கோண ஈறு உப்பி, தொட்டதும் ரத்தம் கசிகிறதா? அப்படியென்றால் அது கிருமிப் படலத்தால் வரும் சாதாரண ஈறு அழற்சி. எந்தப் பிள்ளைக்கும் வரும், சரியாகத் தேய்த்தால் ஓரிரு வாரத்தில் அடங்கும்.

பல் சுத்தமாக இருந்தும் ஈறின் ஓரத்தை ஒட்டி மட்டும் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி இருந்தால் கதை வேறு. உற்றுப் பார்த்தால் அந்தக் கோட்டுக்குள் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் விரிந்து வளைந்து தெரியும். இது தசை நோயின் கையெழுத்து. டெர்மட்டோமயோசைட்டிஸ் அடிப்படையில் நுண் ரத்தக் குழாய்களைத் தாக்குகிற நோய். தசைக்குள் நடக்கும் சேதம் நம் கண்ணுக்குத் தெரியாது. கண் இமையிலும், நகக்கண் ஓரத்திலும், ஈறு விளிம்பிலும் மேல்தோல் மெலிதாக இருப்பதால் அதே சேதம் வெளியே தெரிகிறது. அவளுடைய நகக்கண்ணையும் பாருங்கள். நகத்தின் அடித்தோல் தடித்துச் சிவந்து, சின்னச் சிவப்பு நூல்கள் தெரிகின்றனவா? ஈறையும் நகக்கண்ணையும் ஒரே நாளில் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை எடுத்தால் போதும். இந்த நோயைப் பார்க்கும் வாத நோய் மருத்துவருக்கு (ருமட்டாலஜிஸ்ட்) அந்தப் படங்கள் உதவும்.

உங்கள் மகளுக்கு இரண்டும் கலந்திருக்கும் என்பதே என் ஊகம், பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கிறோம். அப்புறம் 9 வயதில் பால் பல் விழுந்து நிரந்தரப் பல் முளைத்துக்கொண்டிருக்கும். முளைக்கும் பல்லைச் சுற்றி ஈறு கொஞ்சம் சிவப்பது இயல்பு, அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

திட்ட வேண்டாம் என்றேனே, அதற்குக் காரணம் அவள் தோள். நின்றுகொண்டு கையை முகத்துக்கு நேரே தூக்கி இரண்டு நிமிடம் தேய்ப்பது நமக்கு ஒன்றுமே இல்லை. தோள்தசை வலுவிழந்த பிள்ளைக்கு அரை நிமிடத்திலேயே கை தாழ ஆரம்பித்துவிடும். முன்பல்லில் நான்கு இழுப்பு, வாய் கொப்பளிப்பு, முடிந்தது. கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கம் பிரஷ் போகவே போகாது. நாக்கும் கன்னத் தசையும் சோர்ந்திருந்தால் சோறு கன்னத்திலேயே தங்கும். பள்ளி விட்டு வந்ததும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், மதிய டிபன் பாக்ஸில் என்ன இருந்தது என்று தெரிந்துவிடும்.

அவளை வாஷ்பேசின் முன் நிற்கவைக்காமல் சாப்பாட்டு மேசையில் உட்காரவையுங்கள். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் துப்பட்டும். பிரஷ்ஷின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் பிடிமானம் கிடைக்கும். எடை குறைந்த பேட்டரி பிரஷ் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. காலையில் அவளே தேய்க்கட்டும். இரவு நீங்கள் தேய்த்துவிடுங்கள். அவள் நாற்காலியில் உட்கார, நீங்கள் பின்னால் நின்று அவள் தலையை உங்கள் மேல் சாய்த்துக்கொண்டால் மேல் கடைவாய்வரை தெரியும். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் பட்டாணி அளவு. ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிட்டுத் தேய்க்கத் தோன்றும், அப்படிச் செய்யாதீர்கள். அழுக்கு அங்கேதான் இருக்கிறது. கரி, உப்பு, சொரசொரப்பான பல்பொடி எதுவும் அந்த ஈறுக்கு வேண்டாம். க்ளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் பல் மருத்துவர் சொன்னால் மட்டும், சொன்ன நாள்வரை மட்டும். நீண்ட நாள் போனால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். விழுங்கத் தடுமாறும் பிள்ளைக்குக் கொப்பளிக்கக் கொடுக்காமல் பஞ்சில் நனைத்துத் தடவச் சொல்வோம்.

வாயில் வேறு சிலவும் வரலாம். மெத்தோட்ரெக்சேட்டால் புண் வரும், ஸ்டீராய்டால் தயிர் ஒட்டிய மாதிரி வெள்ளைப் பூஞ்சை வரும். பின்னாளில் நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தைச் சேர்த்தால் ஈறு தடித்து வளரக்கூடும். இவை வந்தால் மருந்து எழுதிய மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருகிறது, குரல் மூக்கால் பேசுகிற மாதிரி மாறிவிட்டது, சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறது என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, கொலஸ்ட்ரால். இதில் பல் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இந்த நோய் உள்ள பிள்ளைகளின் ஃபைலைப் புரட்டாமல் நாங்கள் வாயில் கை வைப்பதில்லை, அதனால் இந்த எண்களோடு பழக்கம் உண்டு. லேப் ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் அச்சாகியிருக்கும் அளவு பெரும்பாலும் பெரியவர்களுக்கானது, அதை விடுங்கள். பிள்ளைகளுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 170-க்குள் இருக்க வேண்டும், 200-ஐத் தொட்டால் அதிகம். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 110-க்குள் நல்லது, 130-ஐத் தொட்டால் அதிகம். நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல். 45-க்கு மேல் வேண்டும், 40-க்குக் கீழே போனால் குறைவு. ட்ரைகிளிசரைடு 9 வயதுவரை 75-க்குள், 100-ஐத் தொட்டாலே அதிகம். 10 வயதுக்கு மேல் அந்தக் கோடுகள் 90, 130. ஆக, உங்கள் மகளுக்கு நான்குமே கோட்டுக்கு வெளியே. கவனிக்க வேண்டியதுதான், ஆனால் இன்றிரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டிய எண்கள் இல்லை. ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டும்போதுதான் கணையம் பற்றிய அவசரக் கவலை வரும்.

ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவெடுப்பதும் வழக்கமில்லை. 2 வாரத்திலிருந்து 3 மாதத்துக்குள் இன்னொரு முறை எடுத்து, இரண்டின் சராசரியைப் பார்ப்பார்கள். முதல் தடவை வெறும் வயிற்றில் எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ட்ரைகிளிசரைடு துல்லியமாக வேண்டுமென்றால் 10 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். ஸ்டீராய்டு பசியில் இருக்கும் பிள்ளைக்கு இது பெரிய தண்டனை, அதனால் லேப் திறக்கும்போதே முதல் ஆளாகப் போய்விடுங்கள். காய்ச்சல் வந்த வாரத்தில் எடுக்க வேண்டாம். அன்று அவள் எடுக்கும் ஸ்டீராய்டின் அளவை ரிப்போர்ட்டின் மேலேயே எழுதி வையுங்கள்.

எல்லாம் ஸ்டீராய்டு என்று சொன்ன உறவினர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஸ்டீராய்டு பசியைக் கூட்டும், ஈரல் கொழுப்பை அதிகமாக ரத்தத்துக்குள் விட வைக்கும். மீதிப் பாதியை நோயே செய்கிறது. ரத்தத்தில் வரும் ட்ரைகிளிசரைடைப் பிரித்துத் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் கொடுப்பது லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி. அது உட்கார்ந்திருக்கும் இடம் நுண் ரத்தக் குழாய்களின் உட்சுவர். உடலில் அழற்சி மூண்டிருக்கும்போது இந்த நொதி மட்டுப்படும். இந்த நோயில் தசைக்குள் நுண் குழாய்களே குறைந்தும் போகின்றன. இதனால் ட்ரைகிளிசரைடு ஏறி, ஹெச்.டி.எல். இறங்கும். ஸ்டீராய்டை நிறுத்தினால் நோய் எழும், நோய் எழுந்தால் கொழுப்பு மறுபடி ஏறும். அவர் சொன்ன வழியில் போனால் அங்கேதான் போய் முட்டுவோம்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பது. பிரேசிலில் சாவோ பாலோ நகரத்துக் குழந்தைகள் வாத நோய் மருத்துவர்கள் இந்த நோயுள்ள பிள்ளைகளின் ஈறையும் ரத்தக் கொழுப்பையும் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். கொழுப்பு மாறுபாடு உள்ள பிள்ளைகளிடம் ஈறு அழற்சியும் கூடுதலாக இருப்பதைப் பார்த்தார்கள். அபூர்வமான நோய், வருடத்துக்குப் பத்து லட்சம் பிள்ளைகளில் இரண்டு முதல் நான்கு பேருக்குத்தான் வருகிறது என்பதால் இப்படிப்பட்ட ஆய்வுகள் எல்லாமே சின்னக் கூட்டத்தை வைத்துத்தான் நடக்கும். சேர்ந்து வருவதால் ஒன்று மற்றொன்றைக் கொண்டுவந்தது என்று ஆகிவிடாது. பல் சுத்தம் செய்யும் ஸ்கேலிங் செய்தால் கொலஸ்ட்ரால் இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் கருத்து இது: இரண்டுமே அவள் உடலில் அழற்சி இன்னும் முழுதாக அடங்கவில்லையோ என்று சந்தேகிக்க வைக்கும் தடயங்கள். அதனால் அவற்றை முதலில் பார்க்க வேண்டியவர் வாத நோய் மருத்துவர். தசை பலத்தைச் சோதித்து, சி.பி.கே. என்ற தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, நோய் உள்ளுக்குள் புகைகிறதா என்று அவர் சொல்லட்டும். சி.பி.கே. சரியாக இருந்தாலும் தோலிலும் நகக்கண்ணிலும் நோய் மிச்சம் இருப்பது உண்டு, அதனால்தான் அந்தப் படங்களைக் கேட்டேன். ஈரல் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் கூடுதலாக வந்தால் ஈரல் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அவை தசையிலிருந்தும் வரும்.

கொலஸ்ட்ரால் மாத்திரையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் சிலருக்குத் தசை வலியையும் சி.பி.கே. ஏற்றத்தையும் உண்டாக்கும். ஏற்கெனவே தசை நோய் உள்ள பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிட்டால், நாளை சி.பி.கே. ஏறும்போது நோயா மருந்தா என்று குழம்ப வேண்டியிருக்கும். எப்போதுமே கூடாது என்பதில்லை. நோயை அடக்கி, உணவை மாற்றி, தைராய்டு, சர்க்கரை பார்த்து, குடும்பத்தில் சின்ன வயதிலேயே மாரடைப்பு உண்டா என்று விசாரித்த பிறகு நிபுணர் எடுக்கும் முடிவு அது. மருந்துக் கடையில் கேட்டு வாங்குவதில்லை.

ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும், இதை வீட்டில் சாதாரணமாக விட்டுவிடுவோம். இந்த நோயில் சில பிள்ளைகளுக்குத் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு கரைந்துபோகும். ஸ்டீராய்டு குறையும்போது முகம் வற்றுவதும், கை கால் மெலிந்து நரம்பு புடைத்துத் தெரிவதும் மருந்து குறைந்ததால்தான் என்று நினைத்துக்கொள்வோம். கூடவே கழுத்துப் பின்புறமும் அக்குளும் வெல்வெட் மாதிரி கறுத்தால் அது அழுக்கு கிடையாது, பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது. இத்தகைய பிள்ளைகளுக்கு ட்ரைகிளிசரைடு நன்றாக ஏறும், ஈரலில் கொழுப்பு சேரும். கண்ணில் பட்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டில் முட்டையை நிறுத்தச் சொன்னவரின் பேச்சை விட்டுவிடுங்கள். தசை திரும்பக் கட்ட வேண்டிய பிள்ளைக்குப் புரதம் வேண்டும். தினம் ஒரு முட்டை இருக்கட்டும். அவளுடைய ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் முட்டையைவிடச் சர்க்கரைக்கும் மைதாவுக்கும்தான் பங்கு அதிகம்: பாலில் போடும் மால்ட் பவுடர், டப்பா ஜூஸ், கிரீம் பிஸ்கட், பேக்கரி பஃப்ஸ், சாயங்கால பரோட்டா. இதே பட்டியல்தான் பல்லையும் கெடுக்கிறது. ஸ்டீராய்டு பசியில் பிள்ளை மணிக்கொரு தடவை எதையாவது கொறிக்கும், வாய்க்கு ஓய்வே கிடைக்காது. கொறிப்பதைத் தடுக்க முடியாது, பொருளை மாற்றலாம். சுண்டல், வேர்க்கடலை, வெள்ளரிக்காய், கொய்யா, மோர் என்று கையெட்டும் தூரத்தில் வைத்துவிடுங்கள். வாரம் இரண்டு மூன்று நாள் மத்தியோ கானாங்கெளுத்தியோ குழம்பாக வைத்தால் நல்லது, வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை. எண்ணெயை அறவே நிறுத்த வேண்டாம், பொரிப்பதைக் குறைத்தால் போதும். அப்பளம், ஊறுகாய் உப்பையும் குறையுங்கள், ஸ்டீராய்டோடு அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். சிரப், சப்பிச் சாப்பிடும் கால்சியம் மாத்திரை போன்றவற்றை இரவு பல் தேய்த்த பிறகு கொடுக்காதீர்கள், அவற்றில் பலவற்றில் சர்க்கரை இருக்கிறது.

உடற்பயிற்சி கூடாது என்பது பழைய எண்ணம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்ததைச் செய்தால் தசைக்கும் நல்லது, ஹெச்.டி.எல்.லுக்கும் நல்லது. வெயில் மட்டும் கூடாது, இந்த நோயை வெயில் கிளப்பிவிடும். சென்னையில் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 5 மணிக்குப் பின்னாலும் வெளியே விளையாடட்டும்.

பல் மருத்துவரிடம் போகும்போது மருந்துச் சீட்டையும், கடைசி ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட்டையும் கையில் வையுங்கள். வெள்ளை அணுவும் ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் குறையவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்கேலிங்கோ பல் எடுப்பதோ செய்ய வேண்டும். அன்று காலை ஸ்டீராய்டைத் தவறாமல் கொடுத்துவிட்டு, காலை நேரத்திலேயே போங்கள். நாற்காலியை முழுக்கச் சாய்க்க வேண்டாம், தண்ணீர் பீய்ச்சும் கருவியானால் நன்றாக உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள், தாடை சோர்ந்தால் இரண்டு மூன்று அமர்வாகப் பிரித்துச் செய்யலாம் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளையும், கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கையும் மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் பிள்ளைக்கு வாத நோய் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. எலும்புக்காக பிஸ்பாஸ்போனேட் ஊசி போட்டிருந்தால், பல் எடுக்கும் முன் அதையும் சொல்லுங்கள்.

தனியாரில் செலவு கட்டுப்படியாகாவிட்டால், கோட்டை ரயில் நிலையம் அருகே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள், தசை நோய் இருக்கிறது என்று சீட்டு எழுதும் இடத்திலேயே சொல்லுங்கள். அங்கே எழுதித் தருவதைத் தனி கவரில் வைக்காமல், வாத நோய் மருத்துவரிடம் கொண்டுபோகும் அதே ஃபைலில் சேர்த்துவிடுங்கள்.